நாற்பத்துமூன்று வெள்ளைக் கொடிகள்

நாவற்கேணிப் பக்கம் வந்து பிரகலாதன் யாரென்று கேட்டால், "எந்தப் பிரகலாதன்? கொடி கட்டுற பிரகலாதனோ?" என்று திருப்பிக் கேட்பார்கள். ஊரில் அந்தப் பெயரில் வேறு ஒருவரும் கிடையாது. இருந்தாலும் அப்படிக் கேட்டால்தான் அவர்களுக்குத் திருப்தி.

கொடி கட்டுவது அவருடைய உத்தியோகமல்ல. சின்னமடுக் குளத்துத் துருசுக் கதவைத் திறந்து வயல்களுக்குத் தண்ணீர் விடுவதும் பிறகு பூட்டுவதும்தான் உத்தியோகம். சம்பளம் அதற்குத்தான். கொடி, மரணாதார சங்கத்து வேலை. ஊரில் யாராவது கண்ணை மூடினால் சங்கத்துப் பந்தல் தறப்பாளும் நூற்றிருபது கதிரைகளும் வெள்ளைக் கொடிகளும் அவர் வீட்டுக் கொட்டிலிலிருந்துதான் புறப்படும். பெருந்தெருவில் பஸ்ஸால் இறங்கும் வெளியூர்ச் சனம் ஒருவரையும் வழி கேட்காமல் செத்தவீட்டு வாசலுக்கு வந்துசேர வேண்டும். இருபத்திரண்டு வருடத்தில் அவர் கட்டிய கொடியைப் பார்த்து வந்த ஒருவரும் வழி தவறியதில்லை. இதை அவரே சொல்லுவார். கேட்காவிட்டாலும் சொல்லுவார்.

கொடி கட்டுவதில் அவருக்கென்று சட்டங்கள் இருந்தன. நேர் றோட்டில் கொடி கட்டுகிறவன் விசரன், திருப்பத்தில்தான் கட்டவேண்டும். செத்தவீட்டுக் கொடியென்றால் றோட்டின் வலப்பக்கம், இரண்டிரண்டாக, நெஞ்சு உயரத்தில். ஒற்றைக் கொடியை இடப்பக்கம் கட்டினால் அது செத்தவீட்டுக் கொடியே அல்ல. இந்தச் சட்டங்களை அவர் ஒருவருக்கும் சொன்னதில்லை. கண் இருக்கிற எவனுக்கும் இது தானாக விளங்கும் என்பது அவருடைய எண்ணம். நடந்த அநியாயம் அத்தனைக்கும் இந்த எண்ணம்தான் காரணம்.

ஓட்டம் வந்து சேர்ந்தது சீனி வருத்தத்தால். ஐம்பத்திரண்டாவது வயதில் கிளினிக்கில் இரத்தம் சோதித்த டொக்டர், "காலமையில நடவுங்கோ" என்றார். பிரகலாதன் ஒரு மாதம் நடந்தார். நடக்க நடக்க, முன்னால் போகிற மாட்டுவண்டியை முந்தவேண்டும்போல் இருந்தது. முந்தினார். அடுத்த நாள் சைக்கிள் ஒன்றைத் துரத்தினார். அப்படியே பைத்தியம் பிடித்துவிட்டது.

எங்கள் மாவட்டத்தில் வளர்ந்த மனிதன் ஒருவன் ஓடுகிறான் என்றால் மூன்று காரணம்தான் இருக்கமுடியும்: யானை, கடல், ஆஸ்பத்திரி. முதல் நாள் அவர் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் பிரேக் அடித்து, "ஏறுங்கோ அண்ணை, எந்த வாட்டு?" என்று கேட்டார். அதற்குள் தண்ணீர்க் குழாயடியில் நின்ற இரண்டு பேர் குடத்தைப் போட்டுவிட்டு அவருக்குப் பின்னால் ஓடத் தொடங்கிவிட்டார்கள். சந்திவரை ஓடி, மூச்சு வாங்க, "ஆனை எத்தினை?" என்று கேட்டார்கள். "ஆனை இல்லை. சும்மா ஓடுறன்" என்றார் பிரகலாதன். "சும்மாவோ?" என்றவர்கள், அதற்குப் பிறகு சொன்னதையெல்லாம் இங்கே எழுத ஏலாது.

இந்த ஓட்டக்காரரைத் தேடித்தான் ரவுணிலிருந்து ஷிஃபானா வந்தாள். உல்லாசப் பயணிகளை ஊர் சுற்றிக் காட்டும் தொழில் அவளுக்கு. மலை, பள்ளம், குளம் எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு இருபத்தொரு கிலோமீற்றர் ஓட்டப்போட்டி வைக்கப்போவதாகச் சொன்னாள். பாதை அவளுடைய போனில் இருந்தது. அந்தப் பாதை சின்னமடுக் குளத்துக்கு நடுவால் போனது.

"தங்கச்சி, இதால ஓடினால் கொஞ்சப்பேர்தான் திரும்பி வருவினம்" என்றார் பிரகலாதன்.

பிறகு அவரே பாதை போட்டுக் கொடுத்தார். கழுகுப்பாறை மலையடியில் தொடங்கி, ஏறி, மறுபக்கம் சோளச் சேனைகள் கிடக்கும் பள்ளத்தில் இறங்கி, வாய்க்கால் கரையால் வந்து, குளக்கட்டில் இரண்டு கிலோமீற்றர், அங்கிருந்து ஊருக்குள் புகுந்து பள்ளிக்கூட மைதானத்தில் முடிவு. மனிதர் குளத்தையும் வயலையும் முப்பது வருடம் சுற்றியவர். பாதையைப் பார்த்த ஷிஃபானா, "அண்ணன், நீங்களும் ஓடுங்களேன்" என்று வாயால் ஒரு சொல் சொன்னாள். அவ்வளவுதான். பெயரைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

வீட்டில் பூரணி இருக்கிறாளே. பாலர் பாடசாலை ரீச்சர். அவளுடைய தமையன் நாற்பத்தொன்பது வயதில், கோயில் திருவிழாவில் வடம் இழுத்த கையோடு வீதியில் சரிந்து போனவர். அன்றைக்கு அவருக்குக் கொடி கட்டியதும் பிரகலாதன்தான். அந்த நாளிலிருந்து பூரணிக்கு மூச்சு வாங்குகிற ஆம்பிளையைக் கண்டாலே பயம். இவர் பெயர் கொடுத்ததைக் கேட்டவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை.

"ஊருக்கெல்லாம் கொடி கட்டுறீங்கள். உங்களுக்கு ஆர் கட்டுறது?" என்று மட்டும் கேட்டாள்.

அதோடு கதை நின்றது. எட்டு நாள் அவரோடு பேசவில்லை. சொல்லவேண்டியதைக் குசினிக்குள் நின்று பூனைக்குச் சொல்லுவாள். "பூனையார், சோறு போட்டாச்சு. தின்னுறவையள் வந்து தின்னலாம்." பூனை வந்துவிடும், அவரும் வருவார். வியாழக்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு அன்புவழிபுரத்தில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்கு வெளிக்கிட்டாள். பஸ் நிறுத்தம்வரை பின்னால் போனார் பிரகலாதன்.

"பூரணி, ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு மைதானத்துக்கு வாருமப்பா. வந்து நிண்டால் காணும். நான் முழுசா வந்து சேருறதை நீர் உம்மட கண்ணால பாக்கவேணும். பிறகு நான் ஓடேல்லை, விட்டிடுறன்."

பூரணி பஸ்ஸில் ஏறி, "அன்புவழிபுரம் ஒண்டு" என்று கொண்டக்டருக்குச் சொன்னாள். பஸ் போன பிறகு அவர் வீட்டுக்கு நடந்துதான் போனார். ஓடவேண்டும்போல் இருக்கவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் பாதை முழுவதும் செம்மஞ்சள் ரிப்பன் கட்டி முடித்தார்கள். ஞாயிறு விடியப் போய்ப் பார்த்தால் குளக்கட்டிலிருந்து ஊர்வரைக்கும் ஒரு ரிப்பன் இல்லை. கட்டோரத்து மருதமரங்களில் குரங்குகள் இருந்தன. அதில் பெரிய கடுவன் ஒன்று கழுத்தில் ரிப்பனைச் சுற்றிக்கொண்டு பிரகலாதனை மேலும் கீழும் பார்த்தது.

ஷிஃபானாவிடம் வேறு ரிப்பன் இல்லை. "அண்ணன், என்ன செய்றது? ஓடுறவங்க எல்லாம் வெளியூர். வழி தெரியாம வயலுக்குள்ள போயிடுவாங்க" என்று போனில் அழாக்குறையாகச் சொன்னாள்.

பிரகலாதனுக்கு அந்த நேரத்தில் ஒரே ஒரு நினைப்புத்தான் வந்தது. தான் போட்ட பாதையில் ஒருத்தர் வழி தவறுவதா? வீட்டுக் கொட்டிலைத் திறந்தார். சங்கத்துப் பெட்டிக்குள் நாற்பத்துமூன்று வெள்ளைக் கொடிகள் தோய்த்து மடித்துக் கிடந்தன. அவர் ஒன்றும் யோசிக்காமல் செய்யவில்லை, அதையும் சொல்லவேண்டும். பெட்டிக்கு முன்னால் நின்று ஒரு நிமிடம் யோசித்தார். இடப்பக்கம், ஒற்றையொற்றையாகக் கட்டினால் ஒருவருக்கும் சந்தேகம் வராது என்று முடிவெடுத்தார்.

ஊர் எழும்பமுன் கட்டிக்கொண்டே வந்ததில் கடைசிக் கொடி அவருடைய வீட்டு வாசற் படலையோடு முடிந்துவிட்டது. மைதானம் அதற்கப்பால் வளைவு திரும்பி நானூறு மீற்றர். றோட்டாலேயே போனால் வருமே, இதற்கு ஒரு கொடி எதற்கு என்று விட்டுவிட்டு, மோட்டார் சைக்கிளை உதைத்து மலையடிக்குப் போனார்.

அங்கே யானைக் கூட்டமொன்று றோட்டைக் கடக்கும்வரை எல்லோரும் காத்திருந்து, ஏழு மணிக்குத்தான் ஓட்டம் தொடங்கியது. அறுபத்தொரு பேர். இராணுவத்துப் பெடியள், ரவுண் பெடியள், கொழும்புக்காரர், நாலைந்து வெள்ளைக்காரர், கடைசியில் எங்கள் பிரகலாதன். நாலு மணித்தியாலத்துக்குள் முடித்தால்தான் பதக்கம். போனைப் பையில் போட்டு மலையடியில் கொடுத்துவிட்டார்.

கழுகுப்பாறையில் முதல் பத்து நிமிடத்திலேயே மற்றவர்கள் கண்ணுக்கு மறைந்துவிட்டார்கள். இவர் கையையும் ஊன்றி ஏறினார். உச்சியில் நின்று பார்த்தபோது தூரத்தில் கடல் கரைக்குள் நுழைந்து மினுங்கியது. அந்தப் பக்கம் கப்பலொன்று அசையாமல் நின்றது. இந்தப் பக்கம் சின்னமடுக் குளம். தன்னுடைய குளம் இவ்வளவு வடிவென்று அவருக்கு அதுவரை தெரியாது. பூரணிக்குக் காட்டவேண்டும் என்று நினைத்தார். அவளை இந்த மலையில் ஏற்றுவதை நினைக்கச் சிரிப்பும் வந்தது.

பள்ளத்தில் சேனைக்காரர் ஒருவர் பரணிலிருந்து இறங்கி வந்து வத்தகைப்பழத் துண்டொன்றை நீட்டினார். "மற்ற எல்லாரும் போய் ஒரு மணித்தியாலம் ஆகுது. நீங்கள் ஆறுதலாப் போங்கோ, ஐயா" என்றார். ஆறுதல் சொன்னாரா, குத்திக் காட்டினாரா என்று தெரியவில்லை. வாய்க்கால் கரையில் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. நொண்டி நொண்டிக் குளக்கட்டில் ஏறியபோது வெயில் சுள்ளென்று அடித்தது.

கட்டுத் தொடக்கத்தில் அவருடைய முதல் கொடி காற்றில் ஆடியது. இடப்பக்கம், ஒற்றையாக. பார்த்துப் பெருமைப்பட்டார். அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு சைக்கிள் வந்தது. அடுத்த ஊர்க்காரர் இருவர், வெள்ளை வேட்டி, தோளில் துவாய்.

"ஐயா, செத்தவீட்டுக்கு இதால போகலாமோ?"

"எந்தச் செத்தவீடு?"

"நாவற்கேணியிலயாம். ஆரோ ஓட்டப்போட்டியில ஓடப்போய் நெஞ்சடைச்சுச் செத்திட்டாராம். வெள்ளைக்காரரெல்லாம் வந்து இருக்கினமாம்."

எந்தத் தாய் பெற்ற பிள்ளையோ, காலையில் சிரித்துக்கொண்டு ஓடினவையாச்சே என்று பிரகலாதன் பதறினார். "ஐயோ, பேர் என்னவாம்?" என்று கேட்டார்.

"பேர் தெரியாது. ஊரில கொடி கட்டுறவராம்" என்று சொல்லிவிட்டு அவர்கள் மிதித்துப் போய்விட்டார்கள்.

முதலில் வந்தது கோபம்தான். இடப்பக்கம் கட்டியிருக்கிறதே, ஒற்றைக் கொடியாச்சே, இருபத்திரண்டு வருடமாக இவன்களுக்குக் கண் எங்கே போனது! அந்தக் கோபம் நாலு அடி ஓடுவதற்குள் தணிந்து பூரணி நினைவுக்கு வந்தாள். மைதானத்துக்கு அவள் வருவாள் என்று அவர் மனதின் மூலையில் நம்பியிருந்தார். வருகிறவள் சந்தியில் இறங்குவாள். இறங்கினால் அங்கேயே ஒரு கொடி. அடுத்த திருப்பத்தில் அடுத்தது. தமையனுக்குக் கட்டிய அதே கொடிகள். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு தன் வீட்டுப் படலைக்கு வந்து நிற்பாள். இருபத்திரண்டு வருடமாக ஒருவரையும் வழி தவறவிடாத கொடி.

பிரகலாதன் ஓடினார். அதுவரை ஓடினதெல்லாம் ஓட்டமே இல்லை. கெண்டைக்காலை மறந்து, சீனி வருத்தத்தை மறந்து, சப்பாத்து ஒன்று கழன்று விழுந்ததையும் விட்டுவிட்டு ஓடினார். குழாயடியில் நின்ற பெண்ணொருத்தி அவரைக் கண்டு, "ஐயோ பிரகலாதன்ர ஆவி!" என்று அலறிக் குடத்தோடு நிலத்தில் இருந்துவிட்டாள். நின்று விளக்கம் சொல்ல நேரமில்லை.

ஊருக்குள் நடந்தது இதுதான். காலை ஏழரைக்குச் சந்தியில் கொடிகளைக் கண்ட சனம், ஆருக்கு என்று கேட்டுச் சங்கத் தலைவர் தம்பிராசாவிடம் போனது. அவருக்கே தெரியாது. கொடிப் பொறுப்பாளருக்குப் போன் எடுத்தால் பதிலில்லை. கொடிகளைத் தொடர்ந்து போனால் கொடிப் பொறுப்பாளர் வீட்டுப் படலை. வீடு பூட்டிக் கிடக்கிறது. மனிதர் ஓடப்போனது ஊருக்கே தெரியும். தம்பிராசா படலையைப் பிடித்துக்கொண்டு யோசித்து, "கொடி ஒற்றையொற்றையாக் கிடக்கு, அதுவும் பிழையான பக்கத்தில. பிரகலாதன் உயிரோட இருந்தால் இப்பிடிக் கட்ட விடுவானோ?" என்று கண்ணைத் துடைத்தார். ஆக, அவருடைய சட்டத்தை ஊரில் ஒருவர் கவனித்துத்தான் இருந்தார். கவனித்தவர் அதைக்கொண்டு ஆளையே சாகடித்துவிட்டார்.

பிறகென்ன, தறப்பாள் ஏறியது, கதிரை இறங்கியது, தேத்தண்ணி கொதித்தது. ஒன்பதேகாலுக்கு முதல் இராணுவப் பெடியன் கொடியைப் பார்த்து ஓடிவந்து, கடைசிக் கொடியடியில் படலைக்குள் புகுந்தான். பந்தல், கதிரை, குடிக்கக் கொடுக்க ஆள். ஓட்டம் இங்கேதான் முடிகிறது என்று அவன் நினைத்ததில் என்ன பிழை? முழங்காலில் கையை ஊன்றி, தலையைக் குனிந்து, முகமெல்லாம் தண்ணீராக நின்றவனைக் கண்டு ஊர்ச் சனம் உருகிப்போனது. அவனுக்குப் பின்னால் வந்த வெள்ளைக்காரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்தாள். "பாருங்கோ, பிரகலாதன் எப்பிடிப் பழகியிருக்கிறான்!" என்று பெண்கள் சேர்ந்து அழுதார்கள். தமிழ் தெரிந்த ரவுண் பெடியள், பின்னால் விட்டுவந்த மனிதர் செத்துப்போனார் என்று அறிந்து, போட்டி நின்றுவிட்டதாக்கும் என்று வாய் திறக்காமல் இருந்துவிட்டார்கள். மைதானத்தில் ஷிஃபானா பதக்கங்களோடும் குடையோடும் ஒரு குருவியைக்கூடக் காணாமல் நின்றாள். கடைசியில் அவளும் தேடிக்கொண்டு வெளிக்கிட்டாள்.

பத்தேமுக்காலுக்குச் சந்தி அச்சுக்கடை றிகாஸ் பனரோடு வந்தான். அவனுடைய கை வேகம் அப்படி. 'கண்ணீர் அஞ்சலி' என்று பெரிய எழுத்து. கீழே, சங்கத்து உறுப்பினர் படிவத்திலிருந்து எடுத்த இருபது வருடப் பழைய படம், மீசையோடு. அதற்கும் கீழே, 'ஓடி மறைந்த உத்தமர்'. படலைக்கு முன்னால் றோட்டுக்குக் குறுக்கே அவனும் இன்னொருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கட்டப் போகும் நேரம் பார்த்து, குளப்பக்க வளைவில் பிரகலாதன் வந்தார்.

அவர் கண்ணுக்குப் பூரணியைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. பந்தலுக்குள், முன்வரிசைக் கதிரையில் இருந்தாள். மடியில் பூனை. அவள் ஒப்பாரி வைக்கவில்லை. பூனைக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். "வரச்சொன்னவர். நான் ஒரு வார்த்தை பேசாமல் பஸ் ஏறினனான். ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம், பூனையார். ஒரு சொல்லு."

"பூரணி!" என்று கத்திக்கொண்டு நேரே போன பிரகலாதன், பனரை நெஞ்சால் முட்டி, கிழித்து, 'கண்ணீர்' ஒரு தோளிலும் 'அஞ்சலி' மறு தோளிலுமாகப் பந்தலுக்குள் வந்து நின்றார். றிகாஸ், "அல்லாஹ்!" என்று நிலத்தில் விழுந்தான். தம்பிராசா கதிரைக்குப் பின்னால் போனார். அழுதுகொண்டிருந்த பெண்கள் அப்படியே நிறுத்திவிட்டார்கள்.

பூரணி எழும்பி வந்தாள். அவருடைய முகத்தைத் தடவினாள். நெஞ்சில் கையை வைத்து அது அடிப்பதை நெடுநேரம் பார்த்தாள். பிறகு அதே நெஞ்சில் இரண்டு கையாலும் குத்தினாள். குத்திக்கொண்டே அழுதாள். பத்துப் பதினொரு நாளாகச் சேர்த்துவைத்த அழுகை.

"காலமை சீனிக் குளிசை போட்டனீங்களோ?"

"ஓம்."

"ஆர் இந்தக் கொடி கட்டினது?"

"நான்தான்."

"உங்களுக்கு நீங்களேயோ?" என்றவளுக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

அந்த நேரம்தான் ஷிஃபானா குடையோடு படலையடிக்கு வந்து, உள்ளே அறுபது ஓட்டக்காரரும் கதிரைகளில் இருந்து பிஸ்கட் தின்பதைக் கண்டாள்.

"அண்ணன்! இவங்க எல்லாம் இங்க என்ன செய்றாங்க? முடிவுக்கோடு மைதானத்தில இருக்கு. ஒருத்தரும் இன்னும் கோட்டைத் தாண்டயில்ல. நேரம் முடிய ஆறு நிமிசம்தான் கிடக்கு!"

பூரணி அவளைப் பார்த்தாள். "ஒருத்தரும் தாண்டேல்லையோ?"

"ஒருத்தரும் இல்ல, அக்கா."

இராணுவப் பெடியனுக்கு விசயம் விளங்கிக் கோப்பையைக் கீழே வைக்க ஒரு கணம் எடுத்தது. அந்த ஒரு கணம் பூரணிக்குக் காணும். புருசனின் கையைப் பிடித்து வெளியே இழுத்து, படலையைச் சாத்தி, கொக்கியைப் போட்டாள். முப்பது பாலர்களை வகுப்புக்குள் வைத்துப் பூட்டிப் பழகிய கை. உள்ளே சத்தம் எழும்பியது. "பிள்ளை, இது நியாயமில்லை!" என்று தம்பிராசா கத்தினார்.

"செத்த மனிசனுக்கு இதாவது விடுங்கோ!" என்று திருப்பிக் கத்திவிட்டு, சீலைத் தலைப்பை இடுப்பில் சொருகினாள். "என்ன பாத்துக்கொண்டு நிக்கிறீங்கள்? ஓடுங்கோவன்!"

இருவரும் ஓடினார்கள். ஒற்றைச் சப்பாத்தோடு அவர், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவள். பாதி வழியில் பின்னால் மதில் பாய்ந்த பெடியளின் காலடி கேட்டது. பூரணி அவருடைய கையை விடவில்லை. முடிவுக்கோட்டை அவர் முதலாவதாகத் தாண்டினார், கையோடு அவளும். பத்து மீற்றர் பின்னால் இராணுவப் பெடியன். படலைக்கு வந்த நேரத்தைக் கணக்குப் பார்த்து முதற் பரிசு அந்தப் பெடியனுக்குத்தான் கொடுத்தார்கள், அதில் பிரகலாதனுக்கும் மறுப்பில்லை. நாலு மணித்தியாலத்துக்குள் முடித்த பதக்கம் அவருக்குக் கிடைத்தது. அதைப் பூரணி வாங்கித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

இருவரும் மைதானத்து வேம்புக்குக் கீழே கால் நீட்டி இருந்தார்கள். மூச்சு அடங்க நேரம் எடுத்தது.

"நான் விட்டிடுறன் எண்டு சொன்னனான்தானே. இனி ஓடேல்லை" என்றார் பிரகலாதன்.

பூரணி கழுத்துப் பதக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "உங்களுக்கு ஆர் கட்டுறது எண்டு கேட்டனான்" என்றாள். "நான்தான் கட்டவேணும். வேற ஆர் கட்டுறது? எப்பிடிக் கட்டுறது எண்டு சொல்லித் தாங்கோ."

இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாகப் பிரகலாதன் தன் சட்டத்தை வாய் திறந்து சொன்னார். "வலப்பக்கம். இரண்டிரண்டா. நெஞ்சு உயரத்தில."

"அது கிடக்கட்டும். அதுக்கு இப்ப அவசரமில்லை" என்றாள் பூரணி. "வாற வருச ஓட்டத்துக்கு இடப்பக்கம் கட்டுறதைச் சொல்லித் தாங்கோ."